நான் போட்ட ஐந்தாமிடம்

ஓடி விளையாடி வெல்லாமல், வோட்டுப் போட்டுச் சம்பியனைத் தீர்மானிக்கிற விளையாட்டொன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பியர்க்கடை முதலாளி. அந்த மனிசன் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். கேட்ட நானும் கேட்டதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில் அந்தக் கடையின் குசினியில் கோழிச் செட்டை பொரிப்பது என் வேலை. செப்ரெம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் சுவரில் இருந்த தொலைக்காட்சிகள் எல்லாவற்றிலும் அமெரிக்கக் கொலிஜ் புட்போல்தான் ஓடும். முதலாளி ஏரிக்கு அங்கால் அமெரிக்காவில் பிறந்து, இங்கே கலியாணம் கட்டி வந்தவர். தன்னுடைய பழைய கொலிஜ் விளையாடுகிற நாளில் அந்தாளுக்குக் கடையும் தெரியாது, வந்த சனமும் தெரியாது.

கொலிஜ் என்ற சொல்லே எனக்கு முதலில் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கொலிஜுக்குத்தான் போகும். திரையில் பார்த்தால் ஒவ்வொருத்தனும் கதவை அடைக்கிற உடம்போடு, தாடியும் மீசையுமாக நிற்கிறான். இந்தத் தடியன்கள் எத்தனை தரம் சோதினை பெயில் விட்டு இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான்கள் என்றுதான் முதல் இரண்டு கிழமையும் நினைத்தேன். முதலாளியிடம் கேட்டும் விட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பியர் மூக்கால் வந்தது. அது பல்கலைக்கழகம் என்று பிறகு விளங்கப்படுத்தினார்.

அந்தப் பேச்சில்தான் மற்றதும் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கொலிஜ்கள். ஒரு பருவத்தில் ஒவ்வொன்றும் பதினொரு ஆட்டம் மட்டில்தான் விளையாடும். எல்லாரும் எல்லாரோடும் மோத ஏலாது. அப்படியென்றால் யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? பத்திரிகைக்காரர் கிழமைக்குக் கிழமை வரிசை எழுதி அனுப்புவார்களாம், முதலாவது இவர், இரண்டாவது அவர் என்று இருபத்தைந்து வரை. முதலாவதுக்கு இருபத்தைந்து புள்ளி, இரண்டாவதுக்கு இருபத்துநான்கு, அப்படியே இறங்கும். அணிகளின் கோச்மாரும் தங்கள் பாட்டில் தனியாக ஒரு வரிசை போடுவார்கள். புதுவருசத்தை ஒட்டி நடக்கிற பெரிய ஆட்டங்களுக்கு யாரை அழைப்பது, யார் சம்பியன் என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளில்தான் தொங்கும். சில வருசங்களில் பத்திரிகைக்காரருக்கு ஒரு சம்பியன், கோச்மாருக்கு வேறொரு சம்பியன். கீழ்ப்பிரிவுக் கொலிஜ்களுக்குப் பிளே ஓஃப் உண்டு, அவர்கள் விளையாடித் தீர்த்துக்கொள்வார்கள் என்றார். மேலே இருக்கிற பெரிய ஆட்களுக்கு வோட்டு.

அந்தப் பருவத்தில் அதுவரை ஒருமுறையும் தோற்காத ஒரு சின்னக் கொலிஜ் வரிசையில் எங்கேயோ கீழே கிடந்தது. தோல்வி கண்ட பேர்போன கொலிஜ் ஒன்று அதற்கு மேலே நின்றது. ஏன் என்று கேட்டேன். சின்னவர்கள் லேசான ஆட்களோடு விளையாடி வென்றவர்கள், அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள் என்றார். பெரிய ஆட்கள் இவர்களோடு விளையாட வருவார்களா என்று கேட்டேன். ஏன் வரப்போகிறார்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்டறியாத நியாயம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போய்ச் செட்டைகளை எண்ணெய்க்குள் போட்டேன்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அடுத்த கோடையில் அந்தக் கண்டறியாத நியாயத்தைக் கையோடு கொண்டுபோய் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்தேன். விசரி. வேறென்ன சொல்ல?

எங்கள் ஆட்களுக்கும் ஒரு கொலிஜ் புட்போல் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து கோடையில் நடத்திய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. எட்டு அணிகள். ஏழு அணிகளின் பெயர் கல்லூரி என்று முடியும். எங்களுடையது மட்டும் வித்தியாலயம். எங்களைச் சேர்ப்பதற்கே மூன்று கூட்டம் நடந்ததாம். "உது எவடத்திலை கிடக்கு?" என்று கேட்டவரின் ஊர் வீட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் சைக்கிளில் அரை மணித்தியாலம். ஏழு அணி என்றால் ஒவ்வொரு கிழமையும் ஓர் அணி சோடியில்லாமல் நிற்கும், எட்டு என்றால் சுகம் என்று யாரோ சொன்னபடியால் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். சோடிக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அணிக்கு மனேஜர் என் கணவர். அது பெயருக்கு. பதிவுப் படிவம் நிரப்புவது, தொலைபேசியில் ஆளாளைப் பிடித்துச் சேர்ப்பது, பதினைந்து பேரின் சேர்ட்டையும் லோண்ட்ரியில் போட்டு எடுப்பது எல்லாம் நான். கோல் காத்தவன் என் தம்பி.

தம்பிக்கு அப்போது இருபத்தொரு வயது. பதினாறு வயதில் வந்து, மல்வேர்னில் எங்களோடு இருந்தவன். இங்கே ஹைஸ்கூலை ஒரு மாதிரி முடித்துவிட்டு, இனிப் படிக்கமாட்டேன் என்று ஒரு பாண் ஃபக்ரறியில் போய் நின்றுகொண்டான். மூளை இல்லாதவன் அல்ல. வீட்டில் எது பழுதானாலும் கழற்றி, பார்த்து, திரும்பப் பூட்டிவிடுவான். நான் கெஞ்சிப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன், இரண்டு நாள் சோறு போடாமலும் விட்டுப் பார்த்தேன். அவன் ஃபக்ரறியிலிருந்து பாணைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டான்.

அந்த வைகாசியில் ஒரு வழி திறந்தது. சுற்றுப்போட்டிக் குழுவின் தலைவர் இங்கே ஒரு கொலிஜில் வேலை செய்தார். இது உண்மையான கொலிஜ், தொழில் படிப்பிக்கிற இடம். அங்கே உதைபந்தாட்டக் கோச்சுக்கு செப்ரெம்பரில் இருந்து ஒரு கோல் கீப்பர் தேவையாம். அரையிறுதி நடக்கிற சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் பெடியன்களைக் காட்டப்போகிறேன் என்று தலைவர் சொன்னார். நான் வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் பாணை வைத்துவிட்டுக் கேட்டான், "அங்கை என்னென்ன படிப்பிருக்கு?"

ஐந்து வருசத்தில் அவன் வாயில் வராத கேள்வி. அடுத்த நாளே போய் விண்ணப்பப் படிவம் எடுத்துவந்தேன். மின்சார வேலைப் படிப்பு. எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

"கோச் என்னை வேணுமெண்டு சொல்லட்டும் அக்கா. அண்டைக்கே வைக்கிறன்" என்றான்.

"அவர் சொல்லாட்டி?"

"சொல்லுவார். என்னை ஒருக்காப் பாத்தாரெண்டால் சொல்லுவார்."

படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்து, பறக்காமல் தேயிலை ரின்னைப் பாரம் வைத்தேன். காலையும் மாலையும் என் கண் அதில்தான். அரையிறுதிக்கு நான்கு அணிகள் போகும். அந்த நான்கில் நாங்கள் நிற்கவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தை எந்தக் கல்லூரியும் கொண்டுபோய் அலுமாரிக்குள் பூட்டி வைக்கட்டும்.

பெடியன்கள் நன்றாகவே விளையாடினார்கள். இரண்டு சனிக்கிழமை மழை கொண்டுபோனது. அதற்கு மேல் மைதானத்துக்கு மாநகரசபை அனுமதி கொடுக்கவில்லை. அதனால் எல்லாரும் எல்லாரோடும் விளையாட முடியவில்லை, ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டம்தான் கிடைத்தது. நாங்கள் மூன்று வென்றோம். நான்காவது, எல்லாரையும் வென்றுகொண்டு வந்த முதல்தர அணியோடு. அதைச் சமன் செய்தோம். நான்கு ஆட்டத்திலும் தம்பியைத் தாண்டிப் போனது ஒரேயொரு பந்து. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று நான் கத்திய கத்தில் அடுத்த நாள் குசினியில் எனக்குக் குரல் இல்லை.

நாங்கள் இரண்டாவது. கண் உள்ள எவருக்கும் அது தெரியும்.

நான்கு அணிகளைத் தெரிவுசெய்யும் கூட்டம் அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. அணிக்கு ஒரு பிரதிநிதி. என் கணவருக்கு அன்று வேலை. "நீர் போம். உமக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றார். போனேன். ஏழு ஆம்பிளைகள், நான் ஒருத்தி. ரோல்சும் தேத்தண்ணியும் வந்தன. கொண்டுவந்த பெடியன் தட்டத்தை நேரே என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். நானும் எழும்பி எல்லாருக்கும் கொடுத்தேன். கடைசியில் எனக்கு ஒரு ரோல்ஸ் குறைந்தது. பசியில்லை என்று சொன்னேன். நல்ல பசி.

வென்ற தோற்ற கணக்கைப் பார்த்து நான்கு பேரை எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கல்லூரி இரண்டு வென்று, ஒன்று தோற்று, ஒன்று சமன்.

"வெறும் வெற்றியைப் பாத்து எடுக்கேலாது. ஆரார் ஆரோடை விளையாடினதெண்டு பாக்கவேணும். நாங்கள் பலமான ஆக்களோடை மோதினனாங்கள். சிலபேருக்கு லேசான ஆக்கள் வாய்ச்சினம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது. ஒரு மணித்தியாலம் கத்தினார்கள். கடைசியில் ஒருவர், "சரி, சீட்டுக் குலுக்கிப் போடுவம். ஆருக்கும் மனத்தாங்கல் இல்லை" என்றார். இரண்டு பேர் ஏற்கெனவே கடுதாசி கிழிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வென்ற அணியைச் சீட்டில் தூக்கி எறிவதா? அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அமெரிக்காவிலை கொலிஜ் புட்போலுக்கு ஒரு முறை இருக்கு அண்ணை" என்றேன். ஒவ்வொருவரும் எட்டு அணியையும் வரிசைப்படுத்தி எழுதுவது, முதலாவதுக்கு எட்டுப் புள்ளி, எட்டாவதுக்கு ஒரு புள்ளி, எல்லாவற்றையும் கூட்டி மேலே வருகிற நாலு பேர். எல்லாருமே எல்லா ஆட்டத்தையும் பார்த்தவர்கள். இரண்டாவதை இரண்டாவது என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என் எண்ணம்.

அமெரிக்கா என்றதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கிழித்த கடுதாசியைக் கீழே போட்டார்கள். ஒருவர் மட்டும் கேட்டார், "அப்ப அவனவன் தன்ரை அணியைத்தானே முதலாவதாப் போடுவான்?"

"சீ சீ" என்றார் தலைவர். "நாங்கள் என்ன அப்பிடிப்பட்ட ஆக்களே? படிச்ச ஆக்கள். மனச்சாட்சிப்படி எழுதுவம்."

"சீ சீ" என்றார் மற்றவர். "சேச்சே" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். மேசையைச் சுற்றி அந்தச் சீ ஒரு வட்டம் வந்தது. நான் நம்பினேன். ஐயோ, அப்படி நம்பினேன்.

ஆளுக்கொரு துண்டுக் கடுதாசி, மேலே அவரவர் அணியின் பெயர். முதலாவது, எங்களோடு சமன் செய்த அந்த முதல்தர அணி என்று நான் எழுத நினைத்தேன். பிறகு கணக்கைப் பார்த்தேன், எங்களைப் போல அவர்களும் மூன்று வென்று ஒன்று சமன். ஆனால் கோல்கள் கூட. சரி, முதலாவது அவர்கள்தான். எழுதினேன். இரண்டாவதாக எங்கள் வித்தியாலயத்தை எழுதப் போனேன். பென்சில் நின்றுவிட்டது.

எங்கள் அம்மாவிடம் இருந்த ஒரே சட்டம், பரிமாறுகிறவள் தனக்குக் கடைசியில் போடவேண்டும். முதல் போட்டுக்கொண்டால் அவள் ஒரு பொம்பிளையே என்பார். அதற்காகச் சின்ன வயதில் அகப்பைக்காம்பால் வாங்கியிருக்கிறேன். ஏழு ஆம்பிளைகளுக்கு நடுவில், இந்த முறையைச் சொன்னவளே நான், என் பள்ளிக்கூடத்தை நானே உயர்த்தி எழுதுவதா? நாளைக்கு அவர்கள் சிரிக்க மாட்டார்களா, "பாத்தியளே, தங்கச்சி தன்ரை ஆக்களை எவடத்திலை போட்டிருக்கிறா" என்று? மற்ற ஏழு பேரும் எங்களை எழுதத்தான் போகிறார்கள். என் ஒரு வோட்டால் என்ன வந்துவிடும்?

இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வேறு இரண்டு கல்லூரிகளை எழுதினேன். நான்காவதாகத் தலைவரின் கல்லூரி. ஏன் தெரியுமா? கோச்சைக் கூட்டிக்கொண்டு வருகிற மனிசன், தம்பிக்கு வழி காட்டுகிறவர், அவருக்கு ஒரு நன்றி இருக்கவேண்டாமா என்று. அப்படித்தான் என் புத்தி ஓடியது. ஐந்தாவதாக எங்கள் வித்தியாலயத்தை எழுதினேன். எழுதி முடிக்க மனம் லேசாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை நினைக்க இப்போதும் என்னை நானே அறையவேண்டும் போல் இருக்கும்.

எண்ணுகிற வேலையும் எனக்கே வந்தது. "தங்கச்சியின்ரை எழுத்து வடிவு. கூட்டலும் பிழைக்காது" என்று ஏழு துண்டுகளையும் என் பக்கம் தள்ளிவிட்டு, அவர்கள் வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

முதல் துண்டைத் திறந்தேன். எழுதியவர் தன் கல்லூரியை முதலாவதாகப் போட்டிருந்தார். சரி, ஒருத்தர் இப்படி என்று நினைத்தேன். இரண்டாவது துண்டு. அதிலும் தன் கல்லூரிதான் முதலாவது. மூன்றாவது, நான்காவது. தலைவர் பச்சை மையில் எழுதுகிறவர், அவருடைய துண்டில் முதலாவதாக அவருடைய கல்லூரி பச்சைப் பசேலென்று நின்றது. எங்களை ஏழாவதாகப் போட்டிருந்தார். ஏழு துண்டும் அப்படித்தான். அந்த மேசையைச் சுற்றி இருந்து "சீ சீ" சொன்ன ஏழு வாயும் ஏழு முதலாமிடம் எழுதியிருந்தன. எங்களை இரண்டாவதாக எழுதியவர்கள் இரண்டே பேர். எல்லாவற்றுக்கும் கீழே என் துண்டு, தன்னைத் தானே ஐந்தாவதாகப் போட்டுக்கொண்ட ஒரேயொரு துண்டு.

கூட்டினேன். முதல் மூன்றும் பிரச்சினை இல்லை. நான்காவது தலைவரின் கல்லூரி. ஐந்தாவது நாங்கள். இடையில் இரண்டு புள்ளி.

திரும்பக் கூட்டினேன். அதே இரண்டு. பிறகு வேறொரு கூட்டல் என் தலைக்குள் தானாக ஓடியது. நான் எங்களை இரண்டாவதாக எழுதியிருந்தால் எங்களுக்கு மூன்று புள்ளி ஏறும், தலைவரின் கல்லூரி ஓர் இடம் கீழே போய் ஒரு புள்ளி இறங்கும். இரண்டு புள்ளியால் நாங்கள் உள்ளே. அவர்களைப் போலப் பொய்யாக முதலாவது என்று எழுதத் தேவையே இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் போதும். அதைச் செய்யத்தான் எனக்குக் கை வரவில்லை.

என் கையில் பென்சில் இருந்தது, அதன் மறு நுனியில் அழிறப்பர் இருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. யாரோ பழைய அதிபரின் பிரம்படியைப் பற்றிச் சொல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேயிலை ரின்னுக்குக் கீழே இருந்த படிவம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் அழிக்கவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். பயம். அழித்த இடம் தெரியும், பிடிபட்டால் மானம் போய்விடும் என்ற பயம்.

வாசித்தேன். முதலாவதிலிருந்து எட்டாவது வரை, கூட்டிய புள்ளியோடு.

"மனம் நோகாதேங்கோ தங்கச்சி" என்றார் தலைவர். "உங்கட பெடியள் நல்லா விளையாடினவங்கள். அடுத்த வருசம் பாப்பம்."

"அண்ணை, கோச் வாற அண்டைக்குத் தம்பியையும் ஒருக்காக் காட்டேலாதோ?"

"விளையாடாத பெடியனை நான் என்னெண்டு காட்டுறது? அந்தாள் ஆட்டம் பாக்கத்தானே வருது. அவருக்கு நேரமும் இல்லை."

அந்த இடத்தில் மேசையைத் தூக்கிப் போட்டிருக்கவேண்டும். ஏழு துண்டையும் எடுத்து ஒவ்வொன்றாக உரத்து வாசித்து, உங்கடை மனச்சாட்சி இதுதானோ என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? "தாங்ஸ் அண்ணை" என்றேன். பிறகு வெறும் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கித் தட்டத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மல்வேர்ன் பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன் எனக்குள்ளேயே. இறங்கினால் தம்பி பஸ் தரிப்பில் நிற்கிறான். வீட்டில் இருக்க ஏலாமல் வந்திருக்கிறான்.

"என்னக்கா?"

"அஞ்சாவது" என்றேன். "ரெண்டு புள்ளியாலை போச்சுது."

இரண்டு பேரும் நடந்தோம். மூன்று விளையாட்டு வென்ற அணி எப்படி ஐந்தாவது என்று அவன் கேட்டான். வோட்டுப் போட்ட கதையைச் சொன்னேன், யார் சொன்ன யோசனை என்பதை விட்டுவிட்டு. ஏழு பேரும் தங்களை முதலாவதாக எழுதியதைச் சொன்னேன். அவன் நின்று என்னைப் பார்த்தான்.

"நீயும் எங்களை முதலாவதாத்தானே போட்டனி?"

"ஓம். பின்னை ஆரைப் போடுறது?" என்றேன்.

"நீயாவது போட்டியே" என்றான். என் கையிலிருந்த பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அரையிறுதியில் தலைவரின் கல்லூரி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. வந்த கோச் அவர்களுடைய கோல் கீப்பரைத்தான் கொண்டுபோனார். ஓயாமல் அடி விழுந்துகொண்டிருந்ததில் அந்தப் பெடியன் பாய்ந்து பாய்ந்து ஐந்து தவிர மிச்சத்தைப் பிடித்தானாம், அது கோச்சுக்குப் பிடித்துப் போய்விட்டதாம். தம்பி அதைக் கேட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஆவணி முடிய ஒரு நாள் தேயிலை எடுக்க ரின்னைத் தூக்கினேன். படிவம் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தது. பின்பக்கத்தில் தம்பியின் எழுத்தில் ஒரு தொலைபேசி இலக்கம், அதற்குக் கீழே பிறம்ரன், வெயாஹவுஸ், ஃபோர்க் லிஃப்ற், திங்கள் காலை ஆறு மணி. முன்பக்கத்தில் நான் நிரப்பிய அவ்வளவும் அப்படியே இருந்தது. கையெழுத்து வைக்கவேண்டிய கோடு வெறுங்கோடு. கோல் கீப்பர் கையுறையை அவன் அணியில் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். சனிக்கிழமைகளிலும் வேலை என்றான்.

செப்ரெம்பரில் திரும்ப அந்தப் பாழாய்ப்போன புட்போல் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை முதலாளியிடம் கேட்டேன். கோச்மார் வோட்டுப் போடுகிறபோது தங்கள் அணியை எங்கே போடுவார்கள்? அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மேலே எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு மேலே, இதென்ன கேள்வி என்றார். யார் எங்கே போட்டார் என்பதை வெளியில் சொல்வதில்லையாம், இரகசியமாம். ஆனால் தன் அணியைத் தானே கீழே எழுதுகிற கோச் அடுத்த நாள் தன் பெடியன்களின் முகத்தில் எப்படி முழிப்பான் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு எண்ணெய்ச் சட்டி கருகுகிற மணம் வந்தது. போய்விட்டேன்.

தம்பி பிறம்ரனிலேயே வீடெடுத்தான், கலியாணம் கட்டினான். கெட்டுப்போகவில்லை. ஆனால் வெயாஹவுசில் சாமான் அடுக்குகிற அந்த மெசின் பழுதானால் திருத்த வருகிற ஆளைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவன் மனைவி ஒருமுறை சொன்னாள். ஒரு நாள் அந்த ஆளுக்கே பிழை எங்கே என்று காட்டிக் கொடுத்தானாம். அதைக் கேட்ட அன்று நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

தொண்ணூற்றொன்பதில் அவன் மகனுக்கு முதலாவது பிறந்தநாள். வீடு நிறையச் சனம். பழைய அணிப் பெடியன்களும் வந்திருந்தார்கள். கதை எப்படியும் அங்கேதான் போகும், போனது.

"எட்டுப் பேரிலை ஏழு பேர் கள்ளர்" என்றான் தம்பி. "வெக்கமில்லாமல் தங்களைத் தாங்களே முதலாவதாப் போட்டவங்கள். எங்களுக்காக நிண்டது என்ரை அக்கா ஒராள்தான். ஏழு ஆம்பிளையளுக்கு முன்னாலை எங்களை முதலாவதா எழுதினவ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழைய பின்களத்து ஆட்டக்காரன் ஒருவன் கைகூடத் தட்டினான். ஏழு பேர் செய்தால் களவு, அக்கா செய்தால் பாசம். அதையும் ஒருவரும் கேட்கவில்லை. நான் வழக்கம்போல அகப்பையோடு பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றேன், பரிமாறத் தயாராக.

தம்பி வந்து அகப்பையை என் கையிலிருந்து பறித்தான். "இண்டைக்கு நீ பரிமாற வேண்டாம்" என்றான். ஒரு பிளேற்றில் சோற்றை நிறையப் போட்டு, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தான். எல்லாருக்கும் முன்னால் என் கையில் தந்தான்.

"முதல் பிளேற் அக்காவுக்கு."

வாங்கிச் சாப்பிட்டேன்.